பையை நிறுக்கும் விதம்

குளியலறை எடைப்பொறியில்
இந்தப் பை தனியாக நிற்காது.
என்னைவிட அரைச்சாண் உயரம்.
சாய்கிறது, சுவரைக் கீறுகிறது.
கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்:
தொண்ணூற்று மூன்று.
பிறகு பையைக் கதவில் சார்த்திவிட்டு
நான் மட்டும்.
கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ,
பலகை இரண்டும் காலணியும் சேர்த்து.
இடையில் வந்த எண்ணை
யாரும் கேட்கவில்லை.

அகுரேரியிலிருந்து தலைநகருக்கு ஒரு விமானம்.
அங்கே ஒரு பேருந்து, வேறொரு விமான நிலையம்.
அப்புறம் ஹெல்சிங்கி, தோக்கியோ,
கடைசியில் ஹொக்கைடோவில்
பெயர் வாயில் நுழையாத ஒரு ஊர்.
ஒவ்வொரு இடத்திலும் இதை
யாரோ தூக்கி யாரோ எறிவார்கள்.

பால்தூர் சமையலறையில் பென்சிலோடு.
போக வரப் பைக்கட்டணம் ஒரு பக்கம்,
ஐந்து நாள் வாடகை ஒரு பக்கம்.
வித்தியாசம் இரண்டு கிண்ணம் மீன் சூப் என்றான்.
எதற்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்றான்.
அவனுக்கு எதுவும் இரவலாக இருந்தால்தான் ருசி:
நூலகப் புத்தகம், தங்கை கணவனின் படகு,
என் கையுறை.

ஒன்பது குளிர்காலமாக என்னிடம் இருக்கிறது இந்த ஜோடி.
இடது பலகையின் அடியில் நீளமாக ஒரு தழும்பு.
ஈஸ்டர் சனிக்கிழமை, மூன்றாவது லிஃப்டுக்குக் கீழே,
பனிக்குள் ஒளிந்திருந்த கல்.
மெழுகால் அடைத்தேன்; இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.
அது எந்தத் திருப்பத்தில் முனகும் என்று தெரியும்.
இரவலை நம்பி
இருப்பதை விட்டுவிட்டுப் போவதா?

கடைக்காரர் குமேதாவுக்கு எழுதினேன்.
உங்கள் பலகைக்கு இடுப்பு எத்தனை என்று கேட்டார்.
அறுபத்தெட்டு மில்லிமீட்டர்.
எங்கள் மலைக்கு அது போதும்,
காற்று இறுக்கிய பனி, பீங்கான் மாதிரி,
கத்தி வேண்டும் அதற்கு.
குமேதா பணிவாகப் பதில் எழுதினார்:
இங்கே பனி மாவு போல் விழும்.
உங்களுடையது அதில்
ஊசி போல் இறங்கிவிடும்.
கூடவே ஒரு படிவம்.

உயரம்: நூற்று எண்பது.
காலணி அடியின் நீளம்: அளந்து எழுதினேன்.
சறுக்கும் விதம்: மெதுவாகவா, நடுத்தரமா, வேகமாகவா?
நடுத்தரம்.
வயது: ஐம்பத்தொன்று.
எடை: எழுபது.

யோசிக்கவே இல்லை, விரல் தானாக அடித்தது.
இந்தப் பலகைகளை வாங்கிய நாளில்
நான் எழுபது.
அன்றைக்குத் திருகிய திருகுதான்
இன்றும் என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில்:
குறைத்துச் சொன்னால்
பூட்டு வேண்டாத நேரத்தில் விட்டுவிடும்.
கூட்டிச் சொன்னால்
பூட்டு விடாது, எலும்புதான் விடும்.

எழுபதை அழித்தேன்.
எண்பத்தொன்று.
முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு,
ஒன்பது மணி நேரம் முந்திய ஒரு ஊருக்கு,
ஒப்புக்கொண்டேன்.
என் பழைய பலகைகளில் எந்த அளவு என்றும் கேட்டு
மறைக்காமல் எழுதினேன்.

காலையில் பதில் இருந்தது.
எடை ஒரு படி ஏற்றியது,
வயது ஒரு படி இறக்கியது.
உங்கள் பழைய எண்ணே
இன்றைக்கும் சரி.

சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.
அத்தனை வருடமும் கூட்டி, கழித்து
அதே கோட்டில் முள்.

பலகைகளைப் பையிலிருந்து எடுத்து
ஆணியில் மாட்டினேன்.
அவை இந்த மலைக்கு உரியவை,
இருக்கட்டும்.
காலணிகள் மட்டும் வருகின்றன.
கணுக்கால் எங்கே புடைத்திருக்கிறதென்று
அவற்றுக்குத்தான் தெரியும்; வாடகைக்கு
அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.
நான்கு விமானத்திலும்
காலடியில் வைத்துக்கொள்வேன்.

"நான் சொன்னதுதானே" என்றான் பால்தூர்.
பாதி நீ சொன்னது என்றேன்.
அவனுடைய படிவம் மேசைமேல் திறந்திருந்தது.
எடை என்ற இடத்தில்
எழுபத்தாறு.

எடைப்பொறியைக் காலால் தள்ளி
அவன் நாற்காலி வரை கொண்டுவந்தேன்.