பட்டை

கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்
மாலை ஆறுக்கு விசில் ஊதினார்கள்.
காலை ஆறு வரைக்கும் ஓட்டம்.
ஒன்பது கிலோமீட்டர் சுற்று,
அணிக்கு மூன்று பேர்,
மூன்று பேருக்கும் சேர்த்து மணிக்கட்டில் கட்ட
ஒரே ஒரு பட்டை.
அது யார் கையில் இருக்கிறதோ
அந்த நேரத்துக்கு அவர்தான் நாங்கள்.

அணியின் பெயர் ஒட்டுப்பால்.
சிரட்டையின் அடியில் காய்ந்து கிடப்பது,
நாறும், ஆனாலும் விலை போகும்.
பெயர் வைத்தவள் ஷெர்லின்,
நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி நர்ஸ்,
தூக்கத்தோடு பழைய பகை உள்ளவள்.
ஆன்றோ குளச்சலில் படகு எஞ்சின் பிரிப்பவன்.
நான் தக்கலையில், வீட்டுக்கடன் விண்ணப்பங்களில்
கையெழுத்து விடுபட்ட இடங்களைப்
பென்சிலால் வட்டமிடுபவன்.

என் முதல் சுற்றில் நான் வீரன்.
இரண்டாவதில் முட்டி பேசத் தொடங்கியது.
மூன்றாவதில் மழை.
செம்மண் அதுவரைக்கும் எனக்கு ஒரு நிறம்.
டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே
புட்டு மாதிரி அது அடைந்துகொண்டபோது
குச்சியால் குத்தித் தள்ளியபடி
ஓடை மேட்டில் நின்றேன்.
காலுறைக்குள் அட்டைகள்
என்னைவிட நிதானமாக
ஏறிக்கொண்டிருந்தன.

ஓட்டுவது பாதிகூட இல்லை.
மீதியெல்லாம் காத்திருப்பது.
தார்ப்பாய்க்குக் கீழே ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு
மட்டிப்பழத் தோல்களை எண்ணுவது,
இருட்டில் வரும் ஒவ்வொரு வெளிச்சத்தையும்
நம்ம ஆளா என்று பார்ப்பது.
ஷெர்லினின் விளக்கு இடப்பக்கம் சாய்ந்து வரும்.
ஆன்றோவுக்கு முன்னால் அவன் கெட்டவார்த்தை வரும்.
வந்ததும் கழற்றி என் கையில் கட்டுவார்கள்.
சூடாக இருக்கும்.
இன்னொருவர் வியர்வையைக் கட்டிக்கொண்டு மேடேறுவது
கொஞ்சம் கூச்சம்,
சொல்லப்போனால் கொஞ்சம் தைரியமும்.

இரண்டரை மணி இருக்கும்.
ஜீப் தடம் முடிந்து மரங்களுக்குள் புகும் வளைவில்
முன்னால் ஒரு நெற்றி விளக்கு.
முந்திவிடலாம் என்று பல்லைக் கடித்து மிதித்தேன்.
நெருங்க நெருங்க அது
நின்றது,
நகர்ந்தது,
நின்றது.
ஒரு பெண். மழைக்கோட்டு. கையில் பால்வெட்டுக் கத்தி.
மரத்தின் பிளாஸ்டிக் பாவாடையைத் தூக்கி
பட்டை நனைந்திருக்கிறதா என்று
தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது ரவுண்டு?" என்றாள்.
"நாலு. உங்களுக்கு?"
"முந்நூறு மரம். நூத்திப்பத்து பாத்தாச்சு.
தண்ணி உள்ள எறங்கியிருக்கு.
இன்னைக்கு வெட்டு இல்ல போல."
விளக்கை என் கண்ணிலிருந்து விலக்கி
அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.
வெட்டில்லாத நாளுக்குக் கூலி உண்டா என்று
கேட்க வாயெடுத்தேன்.
மேடு வந்துவிட்டது.

ஐந்து பத்துக்கு ஆன்றோவின் கையில் கட்டினேன்.
ஆறுக்குள் வந்தால் பதினாலாவது சுற்று,
ஐந்தாவது இடம், பரிசு ஒரு ஜோடி டயர்.
ஷெர்லின் நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொன்னாள்
நோயாளியிடம் சொல்வதுபோல, பதறாமல்.
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
விசில்.

ஆறு நாலுக்கு வந்தான்.
நடந்து.
சைக்கிள் தோளில்,
அறுந்த செயின் கழுத்தில்.
தூரத்திலேயே மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான்,
பட்டை பத்திரம் என்று.

மேசையில் இருந்தவர் பேனாவை மூடியிருந்தார்.
"பதிமூணுதான்."
"அப்ப இதுக்கு என்ன பேரு வோய்?" என்றான் ஆன்றோ
தோளிலிருந்து இறக்காமல்.
அவரிடம் பதில் இல்லை.
மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இருந்தன.
தின்றோம்.

திரும்பும் டெம்போவில்
வழிநெடுக மரங்களில்
சிரட்டைகள் கவிழ்த்தபடியே இருந்தன.
நூறு வரைக்கும் எண்ணினேன், பிறகு வளைவு.
ஷெர்லின் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.
சேறு அப்பிய அவள் கையில்
பட்டை இருந்த இடம் மட்டும் சுத்தமாக.
"அடுத்த வருசம் ஸ்பேர் செயின் யாரு கொண்டாறது?"
என்று கேட்டான் ஆன்றோ.
நானும் தூங்குவதுபோல் இருந்தேன்.