ஒன்பதாம் எண்

லிம் சூ காங். மழை விடவில்லை.
பதினோரு ஆடுகள்; இந்த இனத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்.
வேரோடு முடி பிடுங்கி உறையிலிட்டேன்.
ஒன்று என் கையுறையைத் தின்றது.

பூன் டெக்கின் பேரேட்டில்
குட்டிகள் அத்தனைக்கும் அப்பன் நான்கு:
கொம்பு முறுக்கிய, கடன் வாங்கி வாங்கிய கிடா.

மூன்று வாரம் கழித்து
ஆய்வகத் திரை வேறு சொன்னது.
நான்கு யாருக்கும் அப்பனில்லை.
ஒன்பதுதான்.
மூன்று காலில் ஊன்றுவது,
வெள்ளிக்கிழமை லாரிக்கென்று
வாலில் சிவப்புச் சாயம் பூசியது.

தொலைபேசியில் நெடுநேரம்
தகரக் கூரையில் மழை.
"வேலி ஆறடி லா," என்றார்.

பிறகு,
சாயம் எதில் போகும் என்று கேட்டார்.
அது எனக்குத் தெரியவில்லை.