தேநீருக்கு ஓர் அறை உண்டு

டைக் வீதியில் மேல்மாடி வாடகை அறை.
கடற்காற்றின் உப்பு
விசைப்பலகையில் 'ந'வைத் தின்றுவிட்டது.
மடிக்கணினிக்குள்
பதினாறு சுழல்களை வரிசையாய் நிறுத்தியிருக்கிறேன்:
ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே,
பள்ளிக்கூட அசெம்பிளிபோல.
அவற்றுக்கு வெளியே ஒன்றுமில்லை.
காற்றில்லை, சுவரில்லை, நானில்லை.

பிளேன்டீ ஆறுவது எனக்கு விளங்கும்.
அதற்கு ஓர் அறை உண்டு,
அறைக்கு டச்சுக்குடா உண்டு,
குடாவுக்கு வங்கக்கடல்.
சூட்டை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள்
கணக்கு எழுதாமல்.
இவை யாரிடம் கொடுக்கும்?

சமன்பாடு கண்டிப்பானது.
எதையும் தொலைக்க விடாது.
யார் மேலே நின்றது, யார் கீழே,
அத்தனையும் கடைசிவரை உள்ளே கிடக்கும்.
காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அசெம்பிளி
குலையாமல் திரும்பி வரும்.
என்றாலும்
இரவு ஒன்பதரைக்கெல்லாம் ஏழாவது சுழல்
தான் நின்ற பக்கத்தைக் கைவிட்டிருந்தது.

கிண்ணியாவிலிருந்து சிபானா அழைத்தாள்.
"கன்னியாவில ஏழு கிணத்துக்கும் தேமோமீற்றர் போட்டுப் பாத்தன்.
ஏழும் ஏழு சொல்லுது.
இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில கிடந்தும்."
"கீழ இருந்து நெருப்பு வந்துகொண்டே இருக்கு, மேல காத்து.
ஆறுறதுக்கு விட்டால்தானே."
"அப்ப உன்ர சங்கிலிய ஆர் ஆத்துறது?"
ஒருத்தருமில்லை.
அதுதான் தொல்லை.

பிறகு அந்த ஒன்பது நாள் ஊரடங்கைப் பற்றிப் பேசினோம்.
போவாருமில்லை, வருவாருமில்லை.
முதல் நாள் ஒரே ஒரு வீட்டில் இருந்த செய்தி
(துறைமுகத்தில் மாக் கப்பல்)
மூன்றாம் நாள் எல்லா வேலியிலும் ஒரே சூட்டில் இருந்தது.
ஆர் சொன்னது?
எந்த வீட்டைக் கேட்டாலும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள்.
ஒருவரும் பொய் சொல்லவில்லை.
முதல் வாய் எந்த வீட்டிலும் இல்லை,
வீடுகளுக்கிடையே இருந்தது,
எல்லாரையும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்டால் மட்டுமே
பதில் வரும் இடத்தில்.

ஏழாவது சுழலுக்கு மற்றப் பதினைந்தும் அறை.
மூன்றாவதற்கு ஏழாவதும் அறை.
வெளி இல்லாத இடத்தில்
ஒன்றுக்கொன்று வெளியாகிக்கொள்கின்றன.
மறதியென்று நான் நினைத்தது
பின்னல்.

சிபானா வைத்தபிறகு ஐகன்நிலைகளைத் திறந்தேன்.
பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது.
காலம் தொடாதவை, ஓரங்குலமும் நகராதவை.
நடுவிலிருந்து ஒன்றை உருவி
ஏழாவதைப் பற்றிக் கேட்டேன். ஒரு வெப்பம் சொன்னது.
பக்கத்ததைக் கேட்டேன். அதே வெப்பம்.
அடுத்தது. அதுவும்.
சூடு எங்கிருந்தும் வந்து சேரவில்லை.
ஒவ்வொன்றுக்குள்ளும் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.
அசெம்பிளி என்பது
அவை கட்டம் பிசகாமல் சேர்ந்து நடித்த ஒரு கணம்.
அவ்வளவுதான்.

விட்டிருக்கலாம்.
ஒவ்வொரு சுழலின் காலடியிலும்
தாறுமாறாய் மேடும் பள்ளமும் வைத்தேன், பெரிதாக.
ஏழாவது அசையவில்லை.
மேலே நின்றது மேலேயே நின்றது,
பத்தாயிரம் அலகு காலம் கழித்தும்,
பதிவுப் புத்தகத்தில் பெயர் கொடுத்தவர்போல.
இது உறுதியா, பிடிவாதமா?
சங்கிலி நீண்டால் இதுவும் ஒரு நாள் கரையும்
என்று சிலர் சண்டை பிடிக்கிறார்கள்.
என் பதினாறுக்கு அது தெரியாது.
எனக்கும்.

கரண்ட் போனது.
பற்றரியில் நாலு வீதம்.
கீழே கோட்டை மான் ஒன்று
மட்டைப் பெட்டி தின்னும் சத்தம்.
பிளேன்டீயும் நானும் ஒரே சூட்டுக்கு வந்திருந்தோம், அனேகமாக.
அவசரத்தில் கோப்புக்கு 'நினைவு' என்று பெயர் அடித்தேன்.
முதல் எழுத்து விழவில்லை.
அப்படியே சேமித்தேன்.
மீதி எழுத்துகளைச்
சேர்த்துக் கேட்டால்
சொல்லும்.