காலாவதி தேதி

குருசுக்குப்பத்தில், கடலுக்கு முதுகு காட்டி,
வாசலில் நீலத் துணி தொங்கும் கடை.
நான் போனது சாப்பிட அல்ல.
கையில் ஆய்வுப் படிவம், இரண்டு பிரதி.
கூடவே, போன மாதம் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்த
சவரிராயன், மூக்கில் கைக்குட்டையோடு.

பின்னறையில் மூன்று மரத்தொட்டிகள்,
மூடிக்கு மேல் ஆளுக்கொரு கருங்கல்.
ஒரு கல்லில் வெள்ளைப் பெயிண்டில் எண் பார்த்தேன்.
கடலரிப்புக்குப் பொதுப்பணித்துறை கொட்டிய கல்.
அது என் இலாகா இல்லை.

சிஸுரு அம்மாள் கல்லை இறக்கினாள்.
வாசனை எழுந்து நின்றது:
வெயிலில் பூட்டிய காருக்குள்
கருவாட்டையும் வெல்லத்தையும்
யாரோ சண்டைபோட விட்டதுபோல.

'மிசோ. சோயா, உப்பு, பொன்னி அரிசி. அவ்வளவுதான்யா'
என்றாள், வீராம்பட்டினத்து மீன்காரிகளிடம்
பேரம் பேசிக் கற்ற தமிழில்.

தயாரித்த தேதி?
'பெரிய புயலுக்கு முந்தின தை.
தெருவுல தண்ணி இடுப்புக்கு வந்தப்ப
கட்டிலை விட்டுட்டு இதத்தான் மாடிக்கு ஏத்தினோம்,
நானும் ஆட்டோ தனபாலும்.'

பூஞ்சை உள்ளதா? ஆம் / இல்லை.
'பூஞ்சைதான் சமையல்காரன்.
நான் தட்டு கழுவறவ.'

காலாவதி தேதி?
சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது.
'எங்க ஊர்ல மூணு வருஷம் தூங்கும்.
இங்க உங்க அக்னி நட்சத்திரம் ஒண்ணு
அங்க ரெண்டு கோடைக்குச் சமம்.
அவசரக்காரப் பிள்ளை இது.
ஆனா முடிஞ்சுபோச்சுன்னு
இன்னும் சொல்லல.'

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மரக்கரண்டி நுனியில் எடுத்து நீட்டினாள்,
காப்பித்தூளைக் குழைத்த நிறம்,
நடுவே வெள்ளையாய் நொறுங்கும் குறுமணிகள்.
மணலோ என்று பயந்து கடித்தேன்.
முதலில் உப்பு.
பிறகு நாக்கின் அடியில்
யாரோ விளக்கைத் தணித்ததுபோல் ஓர் இருட்டு,
அந்த இருட்டுக்குள், தாமதமாக, இனிப்பு.

சவரிராயன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

இரண்டு நாள் அதில் புதைந்து கிடந்த
வஞ்சிரத் துண்டு நெருப்பில் ஏறியது.
ஓரம் கருகி, உள்ளே பால்போல் வெண்மை.
பக்கத்தில் பிளந்த கத்தரிக்காய்,
அதன்மேல் மிசோ பூசிய பளபளப்பு.
காசு கொடுத்துத்தான் சாப்பிட்டோம்.
ரசீது இருக்கிறது.

நூறு கிராம் மாதிரி, அரக்கு முத்திரை,
ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.
பதில் வந்தது:
மாதிரி போதவில்லை, மீண்டும் அனுப்பவும்.
இருநூறு அனுப்பினேன்.
மாதிரி போதவில்லை.
எந்தச் சோதனை இவ்வளவு தின்னும்
என்று சவரிராயன் கேட்டார்.
கோப்பைப் பார்த்தபடி இருந்தேன்.

இன்று மூன்றாவது கடிதம்.
அதே வாசகம், அதே கையெழுத்து.
வலது ஓரத்தில் மட்டும்
செம்பழுப்பாய் ஒரு விரல் தடம்.

கோப்பில் கோக்குமுன்
கதவைச் சாத்திவிட்டு
முகர்ந்து பார்த்தேன்.