நொடிக்கு இரண்டு சொட்டு

கொளத்தூரிலிருந்து ராயபுரம்வரை
சட்டைக்குள் ஒரு பை தண்ணீரோடு
வண்டி ஓட்டி வந்தேன்.
மூலக்கொத்தளம் சிக்னலில்
வயிற்றருகே அது ஒருமுறை உதைத்தது.
பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு
"இன்னா சார், எத்தினி மாசம்?" என்றார்.
பச்சை விழுந்தது.

இந்தோனேசியா, நேத்து ராத்திரி ஃப்ளைட்டு
என்று சம்சுதீன் சொல்லியிருந்தான்.
பிளென்னி. விரல் நீளம்.
தடித்த உதடு, எதற்கும் ஒப்பாத முகம்,
ரேஷன் கடையில் பில் போடுகிறவர் மாதிரி.

வந்ததும் விளக்கை அணைத்தேன்.
பையைப் பிரிக்காமல் மிதக்கவிட்டேன்,
கூடத்துப் பெரிய தொட்டியில் அல்ல,
சமையலறையில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில்,
பிவிசி குழாய்த் துண்டு இரண்டு மட்டும் கிடக்கும்
மொட்டைத் தொட்டியில்.

கடல் இங்கிருந்து நடக்கிற தூரம்.
அதன் காற்று எங்கள் ஜன்னல் கம்பியைத் தின்கிறது.
நானோ வாளியில்
ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பு கரைத்து
கடல் செய்கிறேன்.
அந்தக் கடலில் டீசல் மிதக்கிறது.
இந்தக் கடலுக்கு மாதம் மூவாயிரம் ஆகிறது.

கால் மணி கழித்துப் பையின் கழுத்தை வெட்டி
மீனும் நீருமாக ஒரு டப்பாவில் சாய்த்தேன்.
ஒரு சொட்டை மானியின் கண்ணாடியில் வைத்து
பால்கனி வெளிச்சத்தில் பார்த்தேன்.
அதன் உப்பு ஆயிரத்து இருபது.
என் உப்பு ஆயிரத்து இருபத்தைந்து.
ஐந்து.
பேப்பரில் ஒன்றுமில்லை.
ஒரு உடம்பு அதைக் கடக்க
முக்கால் மணி நேரம் வேண்டும்.

மெல்லிய குழாய், நடுவில் ஒரு முடிச்சு.
இறுக்கினால் நின்றுபோகிறது. தளர்த்தினால் கொட்டுகிறது.
இரண்டுக்கும் நடுவே எங்கேயோ
நொடிக்கு இரண்டு சொட்டு.
ஹார்பரில் பகலெல்லாம் கன்டெய்னர் எண்ணுகிறவன் நான்.
தரையில் குந்திச் சொட்டு எண்ணினேன்.

கீழ்வீட்டு டெரன்ஸ் எட்டிப் பார்த்து
"ஊத்தி வுடு நைனா, அதுக்குத் தெரியாத தண்ணியா" என்றான்.

ஊற்றிவிட்டிருக்கிறேன்.
போன ஆடியில், ஒரு மஞ்சள் டேங்கை,
ஆசையில், பை நீரோடு அப்படியே.
மூன்றாம் நாள் அதன் மேல்
உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி.
ஆறாம் நாள் எல்லார் மேலும்.
ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் மட்டும் மிச்சம்.
(நீல டேம்சலுக்குச் சாருமதி வைத்த பெயர்.)
காலித் தெருவில் ரோந்து போய்க்கொண்டிருந்தது.
சாருமதி கோபிக்கவில்லை.
செத்ததை வலையில் அள்ளி
செம்பருத்திச் சாடியில் புதைத்துக் கை கழுவிவிட்டு
"அவசரம்" என்றாள். அவ்வளவுதான்.
பிறகு எழுபத்தாறு நாள்
பெரிய தொட்டியில் மீனே இல்லை.
இன்ஸ்பெக்டரும் மருந்துத் தண்ணீரில்
இதே சிலிண்டர் பக்கத்தில் ரிமாண்டில் இருந்தது.

இருபத்தெட்டாவது நிமிடம் கரண்ட் போனது.
பேட்டரி பம்பைத் தடவி எடுத்து மாட்டினேன்.
இருட்டில் சொட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது.
எண்ணிக்கை தவறியது.
முதலிலிருந்து எண்ணினேன்.

வெளிச்சம் வந்தபோது மானியில் இருவரும் ஒன்று.
கிண்ணத்தால் மீனை மட்டும் எடுத்தேன்.
அதுவரை அதைச் சுமந்து வந்த தண்ணீரை
சிங்க்கில் கொட்டினேன், ஒரு சொட்டு பாக்கியில்லாமல்.
கொஞ்சம் உறுத்தியது.
அது குழாய்க்குள் புகுந்து
முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் நோரி கடித்தது.
முப்பது நாளும் உடம்பில் ஒரு புள்ளியில்லை.
நேற்று ராத்திரி பெரிய தொட்டியின் பாறைகளை
இடம் மாற்றி அடுக்கினேன்,
இன்ஸ்பெக்டருக்குத் தன் எல்லை மறந்துபோக.
பிளென்னியை ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியில்
நடுவே தொங்கவிட்டேன்.

விடிகாலை வரை முட்டிக்கொண்டிருந்தது நீலம்.
காபி நேரத்தில் நின்றது.
இப்போது இரண்டும்
பெட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
"தொறந்து விடலாமே" என்கிறாள் சாருமதி.

ஞாயிற்றுக்கிழமை, என்கிறேன்.
இன்று வியாழன்.