கவட்டைத் துண்டு

காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில்
எடைமேடைக்குப் பின்னால்
தகரக் கதவு போட்ட நாலு அறை.
மூன்றாவது என் பொறுப்பு.
சம்பளச் சீட்டில் ஆபரேட்டர் என்றிருக்கும்.
என் மகன் ஸ்கூலில் சொல்லியிருக்கிறான்:
எங்கம்மா மரத்த இட்லியாட்ட அவிக்குது.

பாதி சரி. ஆவிதான்.
ஆனால் இட்லி பத்து நிமிஷம்,
இது பதினெட்டு நாள்.

இந்த முறை தூங்குமூஞ்சி மரம்.
அன்னூர்ப் பக்கம் ரோடு அகலமாக விழுந்தது.
பட்டையோடிருந்த ஒரு பலகையில்
அளக்க வந்தவர்கள் எழுதிய வெள்ளை நம்பர், பாதி: 21.
மீதி எந்தப் பலகையோடு போனதோ.
ரம்பத்துக்கு முன்னால் பிடுங்கிய ஆணி பதினேழு.
ட்யூஷன் சென்டர், மூலம் பௌத்திரம்,
கண்ணீர் அஞ்சலி.

தபன் அடுக்கினான்.
பலகை, குறுக்கே ரீப்பர், மேலே பலகை.
ரீப்பர் நேர்க்கோடு தப்பினால்
அந்த இடத்தில் மரம் முதுகை வளைக்கும்.

உள்ளே இரண்டு வெப்பமானி.
ஒன்று வெறும் உடம்பு,
இன்னொன்றுக்கு ஈரத்துணி:
முதலாளி பொங்கியண்ணனின் பழைய வேட்டிக் கிழிசல்.
இரண்டுக்கும் நடுவே எத்தனை டிகிரி,
அதுதான் என் வேலை முழுக்க.

ஆறு மணி நேரத்துக்கொருதரம் விசிறி திசை மாறும்.
வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
மாசக்கணக்காக ஒரே பக்கமிருந்து அடிக்கிறது.
அதற்கு யாரும் சுவிட்ச் வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பொங்கியண்ணன் வந்தார்.
"சூலூர்ப் பார்ட்டி புதங்கெழமைங்கறான். சூட்ட ஏத்தியுடு."
"மேல காஞ்சுக்கும்ங்க, உள்ளுக்குக் காயாதுங்க."
"மொட்ட வெய்யில்ல போட்டாலே காயுற மரந்தான?"
அவரைச் சொல்லியும் குற்றமில்லை.
பேங்க்காரனுக்கு ஈரப்பதம் தெரியாது,
தேதி தெரியும்.

ஆடி நோம்பிக்கு ரெண்டு நாள் லீவு போட்டேன்.
திரும்பி வந்து ஏட்டைப் பிரித்தால்
ராத்திரி 2.10, எழுபத்திரண்டு டிகிரி.
அவர் கையெழுத்து. குண்டு குண்டாக, அழகாக.

பலகைகள் லட்சணமாக இருந்தன.
தட்டினால் கணீரென்றன.
மீட்டர் ஊசியை மேலாகக் குத்தினால் எட்டு,
சுத்தியால் அடித்து ஆழ இறக்கினால் பதினேழு.

நடுப்பலகையில் ஒரு துண்டு அறுத்து
வயிற்றைக் குடைந்து இரண்டு கால் விட்டேன்,
கவட்டை போல.
கையில் பிடித்திருக்கும்போதே
கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து
நுனியில் முட்டிக்கொண்டன.
தபன் பார்த்துவிட்டுச் சொன்னான்,
சண்டை போட்டவங்க
போட்டோவுக்கு நிக்கிற மாதிரி.

தோல் முந்திக் காய்ந்து இறுகிவிட்டது.
பிந்திக் காயும் உள் மரம்
சுருங்கப் பார்க்கிறது, தோல் விடவில்லை.
சத்தமே இல்லாத இழுபறி.

இதற்கு வைத்தியம் ஒன்றுதான்:
காய்ந்ததற்கு மறுபடி ஈரம் தருவது.
"காய வெக்கறதுக்கும் காசு, நனைக்கறதுக்கும் காசா?"
பதில் சொல்லாமல் வால்வைத் திறந்தேன்.
இருபது மணி நேரம் ஆவி.
தேங்காய்த் தொட்டி ஆறு மூட்டை கூடுதல்.
சூலூர் போனை எடுத்தவர்
லாரி ஸ்ட்ரைக் என்று பொய் சொன்னார்.

சனிக்கிழமை புதுக் கவட்டை அறுத்தேன்.
இரண்டு காலும் நேராக நின்றன,
நடுவில் ஒரு தீக்குச்சி அகலம்.
பழையதையும் புதியதையும் நீட்டினேன்.
கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.
நேரானதை மேசையில் வைத்துவிட்டு
கோணலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ஸ்கூட்டரை எடுத்தார்.

எல்லாம் தேறவில்லை.
பதினொரு பலகை உள்ளே தேனடையாக வெடித்திருந்தது,
வெளியே ஒரு கீறல் இல்லாமல்.
துண்டு போட்டு பாய்லருக்குத் தள்ளினோம்.
வெள்ளை 21 அதில் ஒன்று.
பெயிண்ட் முதலில் கொப்பளித்தது.

அந்தச் சூட்டில்தான் அடுத்த லோடு.
சில்வர் ஓக், கோத்தகிரி.
ஈரம் அறுபத்தொன்று.