சான்றிதழில் முப்பத்தொன்பது

ஓசூர் ஆஸ்பத்திரிப் படிவத்தில்
வயது என்ற கட்டத்தின் முன்
பேனா நின்றது.

பர்கூர் பக்கம் ஒன்றியப் பள்ளியில் சேர்த்த அன்று
தலைக்கு மேல் கைபோட்டுக் காதைத் தொடச் சொன்னார்கள்.
எப்போதோ எட்டிவிட்ட காது.
இடுப்பில் தம்பி இருந்ததால்
இரண்டு வருடம் தாமதமாக வந்திருந்தேன்.
ஹெட்மாஸ்டர் நாகோஜிராவ்
ஜூன் இரண்டு என்று எழுதி
அந்த இரண்டையும் கழித்துவிட்டார்.
"பின்னாடி உத்தியோகத்துக்கு ஆகும், இருக்கட்டும்."

ஆனது.
மின்வாரியத் தேர்வில்
வரம்புக்கு ஒரு வயது உள்ளே இருந்தேன்,
நிஜத்தில் ஒரு வயது வெளியே.
ஒன்பது வருடமாக அந்தச் சோற்றைத்தான் தின்கிறோம்.

காவேரிப்பட்டணத்தில் நாளுக்கு நூற்றிருபது வீடு.
நாய், பூட்டிய கேட்,
மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு.
போன முறை இவ்வளவு, இந்த முறை இவ்வளவு.
கொஞ்சம் குறைச்சு எழுதும்மா என்று
எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்.
ஓடினது ஓடினதுதான் அக்கா என்பேன்.

டாக்டரம்மா ஸ்கேன் திரையில்
கருப்பு வட்டங்களை எண்ணினார்.
இடப்பக்கம் இரண்டு.
வலப்பக்கம் அழுத்தி, திருப்பி, தேடி
ஒன்று.
ஆதார் அட்டையை மறுபடி பார்த்தார்.
"முப்பத்தொன்பதா?"
திம்மராஜ் என்னைப் பார்த்தார்.
நாற்பத்தொன்று என்றேன்,
வாழ்க்கையில் முதல் தடவையாக,
ஏசி அறையில் வியர்த்துக்கொண்டு.

கருப்பையில் ஒன்றும் குறையில்லையாம்.
முட்டைக்குத்தான் வயதாம்.
கருவை நிமிடக் கணக்கில் படம் பிடிக்கும் பெட்டி இருக்கிறது,
குரோமோசோம் பார்த்துச் சொல்வார்கள்,
உறைய வைப்பார்கள்.
"எல்லாம் நல்லதைப் பொறுக்கி எடுக்கத்தாம்மா.
வயசைக் குறைக்க இன்னும் மெஷின் வரலை."
உங்களுடையதில் நூற்றுக்கு ஆறோ ஏழோ.
இருபத்தைந்து வயதுக்காரி முட்டை என்றால்
பாதிக்குப் பாதி வரை நம்பலாம்.

சூளகிரி தாண்டியதும் திம்மராஜ் தொண்டையைச் செருமினார்.
சந்தூர் நர்சரியில் பதினாறு வருடமாக
மாங்கன்று ஒட்டுகிறவர்.
"நாட்டு வேர்ல நாம..."
"ஒட்டுக் கதை வேணாம்" என்றேன்.
கட்டைவிரலில் இருந்த பழைய வெட்டைத்
தடவிக்கொண்டே வந்தார்.

குருபரப்பள்ளி வரைக்கும்
அந்த இருபத்தைந்து வயதுக்காரியோடு இருந்தேன்.
அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சட்டமாம்.
அவள் வயதை எழுதினது யார்?
ஜூன் மாதத்திலா பிறந்தாள் அவளும்?
என்ன பாக்கிக்காக அந்த ஊசிகளைப் போட்டுக்கொள்வாள்?
அவள் வீட்டு மீட்டரை
ஒரு நாள் நானே படித்திருப்பேனோ,
கட்டாததற்கு ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி
எழுதியும் கொடுத்திருப்பேனோ.

ஆறு, ஏழு.
நூற்றிருபது வீட்டில்
ஏழெட்டு வீட்டுக் கதவு.
ஒரு தடவை என்னுடையதைத் தட்டிப் பார்க்கிறேன்,
அப்புறம் அவளிடம் போகலாம் என்றேன்.
அவர் சரி என்றாரா,
டோல்கேட் இரைச்சலில் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சொசைட்டிக் கடன் படிவம்.
வயது:
முப்பத்தொன்பது.
பேனா நிற்கவில்லை.